ஆடாசிட்டி ஸ்பைவேராமே, ஸ்கூல் லேப்ல வெச்சுக்கலாமா தூக்கிடலாமா?

கரும்பலகை:

வணக்கம். ரொம்ப நாளா இங்க படிச்சிட்டு மட்டும் போயிட்டு இருந்தேன், இப்பதான் முதல் தடவையா கேக்குறேன், சின்னப்புள்ளத்தனமா இருந்தா பொறுத்துக்கோங்க.

தென்காசி பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளில வேலை பாக்குறேன். லேப்ல 9 கம்ப்யூட்டர், 5 விண்டோஸ், மீதி 4 பழைய மெஷின், அதுல தெரிஞ்ச தம்பி ஒருத்தர் லினக்ஸ் மின்ட் 21 போட்டுக் குடுத்தாரு. ஆறாவது ஏழாவது பசங்க வீட்ல ஆச்சிகிட்ட கதை கேட்டுட்டு வந்து அதை அவங்க குரல்லயே ஆடாசிட்டில பதிவு பண்ணணும், இதான் எங்க ப்ராஜெக்ட். இதுவரைக்கும் 30 கதைக்கு மேல சேந்திருச்சு.

போன வாரம் ஒரு பையனோட அப்பா வந்து வாட்ஸ்ஆப் ஃபார்வர்டு ஒண்ணைக் காட்டுறாரு. ஆடாசிட்டி ஒரு ஸ்பைவேர், யூசர் டேட்டாவை ரஷ்யாவுக்கு அனுப்புது, போலீஸ் கேட்டா தூக்கிக் குடுத்துரும், 13 வயசுக்குக் கீழ உள்ளவங்க தொடவே கூடாதுன்னு கம்பெனியே எழுதி வெச்சிருக்கு, இப்படிப் போகுது. எங்க பசங்களுக்கு 11, 12 வயசு. "புள்ளைக குரல் எங்க போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா டீச்சர்"னு கேட்டாரு, எனக்கு நெசமாவே பதில் தெரியல. ஹெச்எம் என்னடான்னா பேசாம எல்லாத்துலயும் அழிச்சிருங்க, நமக்கு எதுக்கு வம்புங்கிறாரு.

இது ஓப்பன் சோர்ஸ்தானே, நம்பிப் போடலாம்னுதானே எல்லாரும் சொன்னீங்க? வெச்சுக்கலாமா வேண்டாமா?

இன்னொண்ணு, இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்கான்னு தெரியல, விண்டோஸ்ல சேவ் பண்ண ப்ராஜெக்ட் ஃபைல் மின்ட்ல திறக்க மாட்டேங்குது. அதுலயும் ஏதாச்சும் வில்லங்கம் இருக்குமோன்னு இப்ப பயமா இருக்கு.

வெட்டிப்பேச்சு:

ஓப்பன் சோர்ஸ்னா சேஃப்பு சேஃப்புன்னு வாய் கிழியப் பேசினவங்கல்லாம் வரிசையா வாங்க பாப்போம். ஓசில குடுக்கிறவன் வேற எதையாச்சும் எடுத்துக்காம விடுவானா. நான் 2021லயே தூக்கிட்டேன்.

ஒலிப்பெட்டி:

டீச்சர், அழிக்காதீங்க, கொஞ்சம் பொறுங்க. நான் ஆடியோ புக் எடிட்டிங்தான் பொழப்பு, ஆடாசிட்டி இல்லாம ஒரு நாள் ஓடாது, அதனால 2021ல இந்தக் கூத்து நடந்தப்ப ராத்திரி தூங்காம உக்காந்து ஒவ்வொரு கமென்ட்டா படிச்சவன். அந்த ஃபார்வர்டுல இருக்கிற ஒவ்வொரு வரிக்கும் பின்னாடி நடந்த சங்கதி ஒண்ணு இருக்கு, ஆனா வெட்டி ஒட்டிருக்காங்க.

ஆடாசிட்டி 2000லருந்து இருக்கு, அமெரிக்காவுல கார்னகி மெலன் யுனிவர்சிட்டில ரெண்டு பேர் ஆரம்பிச்சது. இருபது வருஷமா அது நெட் பக்கமே போனதில்ல, நீங்க உண்டு உங்க மைக் உண்டு. 2021 ஏப்ரல் கடைசியில மியூஸ் குரூப்னு ஒரு கம்பெனி அதை வாங்குச்சு, இசைக்குறிப்பு எழுதுற மியூஸ்ஸ்கோர், கிட்டார் கார்டு போடுற அல்டிமேட் கிட்டார் சைட் எல்லாம் அவங்களதுதான். வாங்கி ஒரு வாரம்கூட முழுசா ஆகல, மே முதல் வாரம், கோடு எல்லாருக்கும் தெரியற மாதிரி வெக்கிற கிட்ஹப் சைட்ல ஒரு புல் ரிக்வெஸ்ட், அதாவது இந்த மாற்றத்தைச் சேக்கலாமான்னு ஒரு கோரிக்கை வருது, டெலிமெட்ரி சேக்கப் போறோம்னு, அதாவது நாம எப்படி யூஸ் பண்றோம்ங்கிற கணக்கை எடுத்து அனுப்புறது. எப்ப திறக்கிறோம் எப்ப மூடுறோம், எந்த எஃபெக்ட் போடுறோம், எந்த ஃபார்மட்ல எக்ஸ்போர்ட் பண்றோம், என்ன எரர் வருது, இதெல்லாம் அனுப்பும். நியாயமா சொல்லணும்னா அது டிஃபால்ட்டா ஆஃப்லதான் இருந்துச்சு, நாம சரின்னாதான் போகும். ஆனா அனுப்புற இடம் கூகுள் அனலிட்டிக்ஸும் யாண்டெக்ஸும். யாண்டெக்ஸ் ரஷ்யக் கம்பெனி. அவ்வளவுதான், கட்டைவிரலைக் கீழ காட்டி ஜனம் குவிஞ்சிருச்சு, பத்து நாளுக்குள்ள அந்த டெலிமெட்ரியே வேண்டாம்னு கம்பெனி பின்வாங்கிருச்சு. கவனிங்க, அது எந்த வெர்ஷன்லயும் வெளிய வரவே இல்ல. அடுப்புல ஏத்தறதுக்கு முன்னாடியே ஊர்க்காரன் பாத்து சத்தம் போட்டுட்டான்.

ரெண்டாவது கூத்து ஜூலை ஆரம்பத்துல. அப்டேட் செக், எரர் ரிப்போர்ட் இந்த ரெண்டு மட்டும் வெப்போம்னு முடிவு பண்ணி, அதுக்கு ஒரு ப்ரைவசி பாலிசி போட்டாங்க. உங்க ஃபார்வர்டு முழுக்க அதுலருந்து எடுத்ததுதான். ஓஎஸ் வெர்ஷன், ப்ராசஸர், ஐபி வெச்சு எந்த நாடு, எரர் கோடு, க்ராஷ் ரிப்போர்ட், இதோட "சட்ட அமலாக்கத்துக்குத் தேவைப்படும் தகவல்"னு மொட்டையா ஒரு வரி. அதுல என்ன வரும் என்ன வராதுன்னு ஒரு விளக்கமும் கிடையாது. டேட்டா ஐரோப்பாவுல இருக்கும், எப்பயாச்சும் ரஷ்யாவுல இருக்கிற மெயின் ஆபீஸோட பகிர்வோம்னு இன்னொரு வரி. 13 வயசுக்குக் கீழன்னா யூஸ் பண்ணாதீங்கங்கிற வரியும் அதுலதான். ஐபி அட்ரஸ் ஒரு நாள் மட்டும் அடையாளம் தெரியற மாதிரி இருக்கும், அப்புறம் ஹாஷ் பண்ணிருவோம், அதாவது அடையாளம் தெரியாத எழுத்துக் கோர்வையா மாத்திருவோம்னும் சொல்லிருந்தாங்க, அது யார் கண்ணுலயும் படல. ஸ்பைவேர்னு உலகம் பூரா தலைப்பு வந்துச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, அந்த வாரம் எல்லாரும் டவுன்லோட் பண்ணிட்டு இருந்த 3.0.2 வெர்ஷன்ல நெட்டுக்கு எதையும் அனுப்புற வசதியே கிடையாது. அடுத்த 3.0.3லதான் வந்துச்சு. அதை வக்கீல் எழுதிருக்கார், ப்ரோக்ராமர் எழுதலங்கிறது படிச்சாலே தெரியும், நாளைக்கு என்ன கேஸ் வருமோன்னு எல்லாத்தையும் முன்கூட்டியே எழுதி வெக்கிற பழக்கம் அவங்களுக்கு.

13 வயசு சமாச்சாரம் தனி. ஆடாசிட்டி ஜிபிஎல்ங்கிற ஓப்பன் சோர்ஸ் லைசென்ஸ்ல இருக்கு, அந்த மாதிரி சாஃப்ட்வேரை இன்னார்தான் ஓட்டணும்னு கட்டுப்பாடு போட முடியாது, அதைத்தான் எல்லாரும் புடிச்சு உலுக்குனாங்க. சின்னப் பசங்க டேட்டா எடுத்தா பெத்தவங்க சம்மதம் வாங்கணும், அந்தத் தொல்லை வேண்டாம்னு கம்பெனி நெனச்சது, வேற ஒண்ணும் இல்ல. கொஞ்ச நாள்ல மன்னிப்பு கேட்டு, பாலிசியைத் திருத்தி, அந்த 13 வயசு வரி, சட்ட அமலாக்க வரி ரெண்டையும் எடுத்துட்டாங்க. உங்க பசங்க தாராளமா பதிவு பண்ணலாம்.

இப்ப உங்க ஃபைல் திறக்காத கதை. பயப்படாதீங்க, அது நல்ல சேதி. ஏயூபி3ன்னு ஒத்த ஃபைலா சேவ் ஆகறது 3.0லருந்துதான். அது திறக்கலன்னா உங்க மின்ட்ல இருக்கிறது அதுக்கும் முந்தின 2.4.2. அதாவது இந்த மொத்த ரகளைக்கும் முன்னாடி வந்தது, கம்பெனி கை மாறவே இல்ல அப்ப. விண்டோஸ்ல பதிவு பண்ணதை மின்ட்ல எடுக்கணும்னா வேவ் ஃபைலா எக்ஸ்போர்ட் பண்ணி எடுத்துட்டுப் போங்க.

நெசமா பாக்க வேண்டிய இடம் வேற. 3.5லருந்து, அது 2024ல வந்தது, சேவ் அமுக்கினா "கம்ப்யூட்டர்லயா க்ளவுட்லயா"ன்னு ஒரு பெட்டி கேக்கும். க்ளவுடுன்னா குரலே ஆடியோ டாட் காம் சர்வருக்குப் போகும், அக்கவுன்ட் வெச்சு லாகின் பண்ணாதான் போகும் இருந்தாலும் போகும். டெலிமெட்ரி டெலிமெட்ரின்னு ஊரே கத்துச்சு, அதுல ஒரு சொட்டு ஆடியோகூட கிடையாது, முழு ஆடியோ போற பட்டன் சத்தமில்லாம சேவ் பெட்டிலயே உக்காந்திருக்கு. ப்ரிஃபரன்சஸ்ல போய் எப்பவும் கம்ப்யூட்டர்லயே சேமின்னு மாத்திருங்க, அப்ளிகேஷன்கிற பக்கத்துல அப்டேட் செக் டிக்கையும் எடுத்துருங்க. புது வெர்ஷன் போடும்போதெல்லாம் அந்தப் பக்கத்தை ஒரு எட்டு பாத்துக்கோங்க, புதுசா ஏதாச்சும் டிக் முளைச்சிருக்கும்.

பொட்டலக்காரன்:

ஒலிப்பெட்டி அண்ணன் ஒண்ணை விட்டுட்டார், அதான் எனக்கு முக்கியமா படுது. சோர்ஸ், அதாவது ப்ரோக்ராமர் எழுதின கோடு, ஓப்பனா இருக்கிறது வேற, நீங்க டபுள் கிளிக் பண்ற இன்ஸ்டாலர் வேற. ப்ரோக்ராம் எழுத யூஸ் பண்ற விஎஸ் கோடு எடுத்துக்கோங்க, சோர்ஸ் எம்ஐடிங்கிற ஓப்பன் லைசென்ஸ், யார் வேணா பாக்கலாம், ஆனா மைக்ரோசாஃப்ட் சைட்ல இருந்து இறக்குற இன்ஸ்டாலர் அவங்க சொந்த லைசென்ஸ்ல டெலிமெட்ரியோட வரும். அதே சோர்ஸை எடுத்து டெலிமெட்ரி அணைச்சுக் கட்டுறதுதான் விஎஸ்கோடியம். ஆடாசிட்டி சைட்லயும் பாத்து எடுங்க டீச்சர், மியூஸ் ஹப்னு ஒரு மூடின சோர்ஸ் ப்ரோக்ராமோட சேத்துக் குடுக்கிற பட்டன் ஒண்ணு, அது இல்லாத டவுன்லோட் ஒண்ணு. உங்களுக்கு ரெண்டாவது.

லினக்ஸ்ல ஆடாசிட்டி ரிப்பாசிட்டரி வழியா வரும், அதாவது அந்த லினக்ஸ்காரங்களே வெச்சிருக்கிற சாஃப்ட்வேர் கிடங்கு, நடுவுல பேக்கேஜ் கட்டுறவங்க ஒருத்தர் இருக்காங்க. நானும் சின்ன அளவுல அந்த வேலை பாக்குறவன்தான், சம்பளம்லாம் கிடையாது. ஆடாசிட்டி கோடை ஓடுற ப்ரோக்ராமா கம்பைல் பண்ணும்போதே நெட்வொர்க் பகுதியை மொத்தமா அணைக்கிற ஸ்விட்ச் இருக்கு. அணைச்சுட்டா அப்டேட் செக்கே உள்ள இருக்காது, டிக் எடுக்கிற வேலையும் இல்ல. காய்கறி வாங்கி வீட்டுக்கு வர்ற வழியில இன்னொருத்தர் சொத்தை பாத்து எடுத்துப் போட்டுட்டுக் குடுக்கிற மாதிரி.

அதுக்காக லினக்ஸ்காரன் எல்லாம் யோக்கியன்னு சொல்ல வரல. 2012 அக்டோபர்ல உபுண்டுங்கிற லினக்ஸோட 12.10 வந்தப்ப அதோட தேடுற பெட்டியான டாஷ்ல உங்க ஃபைல் பேரைத் தேடினாகூட அந்த வார்த்தை உபுண்டு கம்பெனியான கனானிக்கல் சர்வருக்குப் போய் அங்கருந்து அமேசானுக்குப் போகும், ஷாப்பிங் ரிசல்ட் காட்டணும்னு. டிஃபால்ட்டா ஆன். ஃப்ரீ சாஃப்ட்வேர் இயக்கத்தை ஆரம்பிச்ச ரிச்சர்ட் ஸ்டால்மேன் அதை நேரடியா ஸ்பைவேர்னே சொன்னார். அதை டிஃபால்ட்டா ஆஃப் பண்றதுக்கு 16.04 வரைக்கும் ஆச்சு. என்கிட்ட அப்ப அந்த உபுண்டுதான், ஏதோ கணக்கு ஃபைல் தேடினா கீழ சட்டியும் பானையும் விலை போட்டு வந்து நிக்கும், காமெடியா இருந்துச்சுன்னு ஃப்ரெண்ட்ஸுக்குக் காட்டிட்டு இருந்தேன், என்ன போகுதுன்னே உறைக்கல.

அதே வேலையை மரியாதையா செய்றவங்களும் உண்டு. டெபியன்னு இன்னொரு லினக்ஸ், அதுல பாப்கான்னு ஒண்ணு, எந்தப் பேக்கேஜ் எவ்வளவு பேர் யூஸ் பண்றாங்கன்னு எண்ணுறதுக்கு, இன்ஸ்டால் பண்ணும்போதே கேக்கும், பேசாம என்டர் தட்டினா பதில் "வேண்டாம்". முதல் சிடில எந்தப் பேக்கேஜ் போடணும்னு அந்தக் கணக்கை வெச்சுதான் முடிவு பண்ணுவாங்க. கேடிஇ பிளாஸ்மாங்கிற லினக்ஸ் டெஸ்க்டாப்ல 5.18லருந்து ஒரு ஸ்லைடர் இருக்கு, அதுவும் ஆஃப்லதான் வரும், தள்ளினா என்னென்ன போகும்னு அங்கயே எழுதிருக்கும்.

யாரையும் நம்ப வேண்டாம்னா நீங்களே பாருங்க. மின்ட்ல ஓபன்ஸ்னிட்ச்னு ஒரு ஃபயர்வால் போடுங்க, எந்த ப்ரோக்ராம் வெளிய போகப் பாத்தாலும் பேரோட ஒரு பெட்டி வந்து விடட்டுமா வேண்டாமான்னு கேக்கும். விண்டோஸ்ல ஃபயர்வால்ல அவுட்பவுண்ட் ரூல் ஒண்ணு போட்டு ஆடாசிட்டியைத் தடுத்துரலாம், அஞ்சு நிமிஷ வேலை. அதுவும் கஷ்டம்னா பதிவு பண்ற நேரத்துல நெட் வயரைப் புடுங்கிருங்க, அதைவிடப் பெரிய ஃபயர்வால் எவனும் கண்டுபிடிக்கல.

தட்டச்சு_தம்பி:

எல்லாரும் அடிக்க வருவீங்க, இருந்தாலும் சொல்றேன். நான் ஒரு சின்ன தமிழ் கீபோர்டு சாஃப்ட்வேர் எழுதி ஓப்பன் சோர்ஸா விட்டிருக்கேன், பேர் வேண்டாம். அதுல ஒரு பைட்டு டேட்டா எடுக்கிறதில்ல, சாஃப்ட்வேரோட வர்ற விளக்கக் குறிப்புல, அதான் ரீட்மீ, பெருமையா போட்டிருந்தேன். போன வருஷம் கோடைச் சுத்தம் பண்ணும்போது பழைய டைப்ரைட்டர் லேஅவுட்டைப் பாக்குறேன், அதுல மட்டும் பக் மேல பக், யாரும் கேட்டு மெயில் போட்டதும் இல்ல, இந்தக் காலத்துல இதை யாரு அடிப்பாங்க, தமிழ்99 இருக்கு ஃபோனடிக் இருக்குன்னு தூக்கிட்டேன். ரெண்டு வாரம் கழிச்சு ஒரு ஃபோன், சிவகாசில டிடிபி வேலை பாக்குற அண்ணாச்சி, கல்யாணப் பத்திரிகை சீசன்ல என் பொழப்பைக் கெடுத்துட்டியேடான்னு ஆரம்பிச்சவர் மூச்சு விடாம திட்டினார். அவர் கடைத் தெருவுல எட்டு கடையில என் சாஃப்ட்வேர்தானாம், எட்டுலயும் அந்த லேஅவுட்தானாம். எனக்குத் தெரியவே தெரியாது. அப்டேட் போட்டுத் திருப்பிக் குடுத்தேன், அதுக்குள்ள ரெண்டு கடை வேற சாஃப்ட்வேருக்குப் போயிருச்சு.

டெலிமெட்ரின்னாலே திருட்டுங்கிறீங்க. எந்த லேஅவுட் ஆன்ல இருக்குங்கிற ஒத்தை எண் வந்திருந்தா நான் அந்தத் தப்பைப் பண்ணிருக்க மாட்டேன். இங்க மெயில் போடுறவன், கிட்ஹப்ல இஷ்யூ ஓப்பன் பண்ணிப் புகார் சொல்றவன்லாம் நம்மள மாதிரி ஆளுங்க. அண்ணாச்சிக்கு கிட்ஹப்னா என்னன்னே தெரியாது. டேட்டா எடுக்கலன்னா நம்ம மாதிரி சத்தம் போடுறவங்களுக்காக மட்டும்தான் சாஃப்ட்வேர் எழுதுவோம்.

வெட்டிப்பேச்சு:

அப்ப கீபோர்டுல டேட்டா எடுப்பேங்கிற? பாஸ்வேர்டும் அதுலதானய்யா அடிக்கிறோம்.

தட்டச்சு_தம்பி:

அதான் எடுக்கல. புலம்புறதுக்கும் உரிமை இல்லையா.

பொட்டலக்காரன்:

தம்பி சொல்றதுல நியாயம் இருக்கு, நான் மறுக்கல. கூகுளோட கோ ப்ரோக்ராமிங் மொழிக்காரங்க இதே தலைவலில மாட்டினாங்க, 2023ல அந்த டீமை நடத்தின ரஸ் காக்ஸ் டெலிமெட்ரி யோசனை சொன்னப்ப டிஃபால்ட்டா ஆன்னு இருந்துச்சு, ஜனம் கத்தினதும் கேட்டுட்டுதான் எடுப்போம்னு மாத்தினார். அதே வருஷம் ஃபெடோரா லினக்ஸ்லயும் இதே சண்டை. ஒவ்வொரு தடவையும் சண்டை எடுக்கிறியா இல்லையான்னு இல்ல, கேட்டியாங்கிறதுதான். கேட்டா பாதிப் பேர் வேண்டாம்பாங்க, கணக்கு கோணலா வரும்னு டெவலப்பர் அழுவார். கோணலான கணக்கோட இருந்துக்க வேண்டியதுதான், என் வீட்டு சாமான் கணக்கை என்கிட்ட கேக்காம எழுதிட்டுப் போனா சரியான கணக்கா இருந்தாலும் எனக்குக் கோவம் வரும்.

ஆனா அண்ணாச்சிகிட்ட ஒரு பெட்டி வந்து "எந்த லேஅவுட்னு மட்டும் சொல்லவா"ன்னு தமிழ்ல கேட்டா சரின்னு அமுக்கிருப்பார்னுதான் தோணுது. நீ கேக்கவே இல்லையே.

ஒலிப்பெட்டி:

2021ல கோவம் டேட்டாவைப் பத்தி மட்டும் இல்ல. ஆள் புதுசு. இருபது வருஷமா தெருவுல பாத்துப் பழகின கடையை நேத்து ஒருத்தன் வாங்கிட்டு, இன்னைக்கு வாசல்ல கேமரா மாட்டுறான். கேமரா நல்லதாவே இருக்கலாம். அதே மே மாசம் கோடு எழுதிக் குடுத்தவங்ககிட்ட ஒரு ஒப்பந்தம் வேற கையெழுத்து கேட்டான், லைசென்ஸை அவன் இஷ்டத்துக்கு மாத்திக்கிற மாதிரி. எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணு. அந்தக் கோவத்துல ஆடாசிட்டி கோடையே எடுத்து டெனாசிட்டின்னு தனியா ஒரு ஃபோர்க் போட்டாங்க, நான் கொஞ்ச நாள் அதுல வேலை பாத்தேன், திரும்பி வந்துட்டேன், ஆடாசிட்டி 3.2ல ஓடும்போதே கேட்டு மாத்தற ரியல்டைம் எஃபெக்ட் வந்ததும் மனசு மாறிருச்சு. கொள்கையெல்லாம் டெட்லைன் வரைக்கும்தான்.

கரும்பலகை:

எல்லாருக்கும் நன்றி, இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நெனைக்கல. சனிக்கிழமை லேப்ல தனியா உக்காந்து ஒவ்வொண்ணா பாத்தேன், சொல்றேன்.

மின்ட் நாலுலயும் ஹெல்ப்ல போய்ப் பாத்தா 2.4.2தான், ஒலிப்பெட்டி சார் சொன்னது அச்சு அசலா சரி. விண்டோஸ் அஞ்சுலயும் அப்டேட் செக் டிக் இருந்துச்சு, எடுத்துட்டேன். அஞ்சாவது மெஷின்ல ப்ரவுசரைத் திறந்தா ஆடியோ டாட் காம் லாகின் பக்கம் திறந்தபடியே நிக்குது. யாரோ ஒரு புள்ள க்ளவுட் பட்டனை அமுக்கிருக்கு, ஈமெயில் கேட்டதும் இல்லைன்னு அப்படியே எந்திரிச்சுப் போயிருக்கு. பசங்ககிட்ட ஈமெயில் இல்லாததுதான் எங்களைக் காப்பாத்திருக்கு, நான் இல்ல.

திங்கக்கிழமை அந்த அப்பாவை வரச் சொன்னேன். அவர் பையன் வேலை பாக்குற மின்ட் மெஷின்ல நெட் வயரை அவர் கையாலயே புடுங்கச் சொல்லி, பையனை ரெண்டு நிமிஷம் பேச விட்டு, சேவ் பண்ணி, திருப்பி ஓட விட்டுக் காட்டினேன். எல்லாம் வேலை செஞ்சுச்சு. சரி டீச்சர், இவன் சொன்ன கதையை எனக்கு ஒரு பென்டிரைவ்ல போட்டுக் குடுங்கன்னாரு.

எக்ஸ்போர்ட் அமுக்கினேன், எப்பவும் போல அந்தச் சின்னக் கட்டம் வந்துச்சு, ஆர்ட்டிஸ்ட், டைட்டில், கமென்ட்ஸ்னு இருக்குமே அது. ஆர்ட்டிஸ்ட்ங்கிற இடத்துல பையன் முழுப்பேரு, ஆல்பம்ங்கிற இடத்துல ஸ்கூல் பேரு, வகுப்பு, கமென்ட்ஸ்ல அவங்க ஊரு. நானே அடிச்சது. 30 ஃபைலுக்கும் அப்படித்தான், ஒழுங்கா வெச்சுக்கலாமேன்னு. அதுல பாதியை வட்டார டீச்சர்ஸ் வாட்ஸ்ஆப் குரூப்ல டாக்குமென்ட்டாவே அனுப்பிருக்கேன், அதுல 200 பேருக்கு மேல இருக்காங்க, எத்தனை பேர் எங்கெங்க அனுப்புனாங்களோ. அவர் ஸ்க்ரீனைப் பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. நானும் அப்ப ஒண்ணும் சொல்லல, அப்புறம் சாயங்காலம் ஃபோன் பண்ணிச் சொல்லிட்டேன்.

அனுப்பினதைத் திருப்பி எடுக்க முடியாது, தெரியும். என்கிட்ட இருக்கிற 30 எம்பி3ல இருந்து இதை எல்லாம் மொத்தமா அழிக்க வழி இருக்கா? ஒவ்வொண்ணா திறக்கணுமா?

ஒலிப்பெட்டி:

ஒவ்வொண்ணா வேண்டாம். முதல்ல அந்த ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்து வெளியாள் தொடாத இடத்துல வைங்க, எந்தக் கதை யாருதுன்னு நாளைக்கு உங்களுக்கே வேணும். அப்புறம் விண்டோஸ் மெஷின்ல 30 ஃபைலையும் சேத்து செலக்ட் பண்ணி ரைட் கிளிக், ப்ராப்பர்ட்டீஸ், டீடெய்ல்ஸ், கீழ சின்ன எழுத்துல பர்சனல் இன்ஃபர்மேஷனை நீக்குன்னு ஒரு லிங்க் இருக்கும், அதுல வேண்டியதுக்கு டிக் போட்டு ஓகே குடுங்க. முடிச்சுட்டு ரெண்டு மூணு ஃபைலைத் திறந்து பாத்துருங்க, சிலசமயம் கமென்ட்ஸ் மட்டும் ஒட்டிட்டு நிக்கும்.

ஃபைல் பேர்லயும் பையன் பேர் இருக்கான்னு பாருங்க. இருக்கும்.

கரும்பலகை:

இருக்கு.